பால் கொடுக்கும் தாய்க்கும் அதே கிலோவா?

தாய்ப்பாலூட்டலில் இலங்கை உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு. நாடுகளின் தாய்ப்பால் கொள்கைகளை ஒப்பிட்டுப் புள்ளியிடும் சர்வதேச மதிப்பீட்டில், 2020இல் 100க்கு 91 புள்ளிகள் பெற்றுப் பச்சை நிறத் தரத்தை எட்டிய முதல் நாடு இதுவே. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். மழையிலும் வெயிலிலும் வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல மாதர்களின் உழைப்பு இதில் பெரும்பங்கு. அந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அதே அளவீட்டில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் மட்டும் 31.7 சதவீதம். தாயின் இரத்தச்சோகை, எடை குறைந்த பிறப்பு, லயத்து நெருக்கடி, குடிதண்ணீர் என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றைப் பற்றி மலையகத்தில் போதிய அளவு பேசப்படுவதில்லை: பிரசவ விடுமுறை முடிந்து மலைக்கு ஏறும் தாயிடம் பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் இருக்கிறதா?

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கத்துத் தோட்டம் எதை எடுத்தாலும் காலைப்பொழுது ஏறக்குறைய ஒன்றுதான். விடியுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடமோ லயத்தில் பாட்டியிடமோ விட்டுவிட்டு, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். பத்து மணி வாக்கில் மார்பில் பால் கட்டத் தொடங்கும். படங்கு நனைந்திருக்கும், அதற்குள் ரவிக்கையும் நனையும். அன்று கொழுந்தெடுக்கும் மலை காம்பராவுக்குப் பக்கத்தில் இருந்தால் ஓடிப்போய், கொழுந்துக் கறையையும் மருந்து வாடையையும் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் போடலாம். மேல்மலை என்றால் இறங்கி ஏறுவதற்கே அரை மணிநேரம் போய்விடும். பலர் தேயிலைச் செடி மறைவில் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டு, மீண்டும் நிரைக்குப் போகிறார்கள். குழந்தை குடிக்காத மார்பில் சில வாரங்களில் சுரப்பும் குறைந்துவிடுகிறது. பிறகு ஊர் சொல்வது, “அவளுக்குப் பால் பத்தல.”

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இன்று தோட்டத் தொழிலாளிக்கு 84 நாள் விடுமுறை தருகிறது. மூன்றாவது பிள்ளை என்றால் அது பாதியாக வெட்டப்பட்டு வந்த அநியாயம் 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு ஒழிந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணிநேர வேலைக்குள் இரண்டு இடைவேளைகளும் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தலா அரை மணிநேரம்; இல்லாவிட்டால் தலா ஒரு மணிநேரம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்கக் கூடாது.

சிக்கல் நிறுவையில் இருக்கிறது. சட்டம் நேரத்தைக் கொடுக்கிறது. தோட்டம் கிலோவை எண்ணுகிறது. நாளுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கும் இடத்தில், பால் கொடுக்கப் போன தாயின் கூடைக்கு யாரும் சலுகை போடுவதில்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாட்கூலி. அரைப் பேருக்குப் பயந்து இடைவேளையை விட்டுக்கொடுக்கும் தாயை, அக்கறையில்லாதவள் என்று எந்த வாயால் சொல்வது?

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று அரசு சொல்கிறது. அதே அரசு தன் ஊழியைக்கு முழுச் சம்பளத்தோடு 84 நாளும், அதற்கு மேல் அரைச் சம்பளத்தோடு இன்னொரு 84 நாளும் தருகிறது. ஆகவே தோட்டப் பாடசாலை ஆசிரியையால் ஆறு மாதத்தை ஓரளவு எட்ட முடியும். அந்தப் பாடசாலைக்கு மேலே கொழுந்தெடுப்பவள் மூன்று மாதத்திலேயே கூடை தூக்குகிறாள். கடலுக்கு அப்பால், வால்பாறையிலும் நீலகிரியிலும் இதே வேலை செய்யும் பெண்களுக்கு இந்தியாவின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார விடுமுறையை உறுதி செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் தோட்டங்களும் அடக்கம்.

பால் குறைந்த வீட்டுக்குள் பால்மா வருகிறது. இதை எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் பால்மா கொடுக்கும் தாய் குற்றவாளி அல்ல. தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவ காரணத்தால் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கும் அதுதான் உயிர். ஆனால் குழந்தைப் பால்மாவைச் சரியாகக் கரைக்க, கொதித்த தண்ணீரும் சுத்தமான பாத்திரமும் ஒவ்வொரு வேளையும் வேண்டும். டின்னில் சொன்ன அளவும் குறையக் கூடாது. விறகடுப்பும் ஊற்றுத்தண்ணீரும் உள்ள லயத்தில் அது லேசான காரியம் இல்லை. விலை ஏற ஏறக் கரண்டி குறையும். தண்ணியாகக் கரைத்த பாலில் வயிறு நிரம்பும், உடம்பு தேறாது. 2022 நெருக்கடியில் பால்மாவுக்கு நாடே வரிசையில் நின்றதை மலையகம் மறந்திருக்காது.

டின்பால் வியாபாரத்தைப் பற்றிய எச்சரிக்கை புதிதல்ல. சிங்கப்பூரில் 1939இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், ஏழைக் குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய டின்பாலை விற்பதைக் கொலை என்றே மேடையில் சொன்னார். 1981இல் உலக சுகாதார அமைப்பு குழந்தைப் பால்மா விற்பனைக் கட்டுப்பாட்டு நெறியைக் கொண்டுவர, இலங்கை 1983இல் தன் சொந்த நெறியை வகுத்தது. விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டாயிற்று. வேலை நேரத்துக்குத்தான் இன்னும் போடவில்லை.

சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் தொழிற்சங்கங்கள் நாட்கூலியைப் பேசுகின்றன, பேசத்தான் வேண்டும். அடுத்த முறை அதே மேசையில் இதையும் வைக்கட்டும்: குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை தாயின் கிலோ அளவைக் குறைக்க வேண்டும், பேர் குறையக் கூடாது. ஆறு மாத விடுமுறைக்கு நாடாளுமன்றத்தில் இருக்கும் மலையகப் பிரதிநிதிகள் கட்சி பாராமல் சேர்ந்து குரல் கொடுக்கட்டும். அதுவரை தோட்ட நிர்வாகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பிள்ளைக் காம்பராவை ஒட்டிய மலையை ஒதுக்குவதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பணமும் வேண்டாம். காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும் கணக்கப்பிள்ளைக்குத் துரை ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே நடக்கும்.