சுறாவை நினைவில் வைத்தோம், மேயரை மறந்தோம்

கல்லூரியில் பயின்ற நாட்களில், அன்றைய பம்பாயில், ஒரு கோடை விடுமுறையின்போது நண்பர்கள் நால்வர் 'ஜாஸ்' திரைப்படத்தைக் காணச் சென்றோம். ஆங்கிலம் எங்களுக்கு அரைகுறையாகவே புரிந்த காலம் அது. ஆயினும் அஞ்சுவதற்கு மொழி தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜூஹு கடற்கரைக்குச் சென்றபோது, முழங்கால் அளவுக்கு மேல் ஒருவரும் நீரில் இறங்கவில்லை. ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டோம், ஆனால் இறங்கவில்லை.

இந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியுடன் அதே படத்தை வீட்டிலேயே மீண்டும் பார்த்தேன். அவள் பத்தாம் வகுப்பு மாணவி. படம் முடிந்ததும், "தாத்தா, சுறா அதோட இரையைத் தேடுது. அந்த மேயர்தானே தப்பு செஞ்சவர்?" என்று கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக நான் தவறான பக்கம் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்தேனோ என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது.

இன்று கோடைக்காலம் என்றாலே பெரும் பொருட்செலவில் உருவான படங்கள் வெளிவரும் காலம் என்றாகிவிட்டது. அமெரிக்காவில் அந்த வழக்கத்துக்கு வித்திட்ட படமாகக் கருதப்படுவது 'ஜாஸ்'தான். பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய நாவலைத் தழுவி, இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இதனை இயக்கினார். 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் நீண்டது. செலவும் திட்டமிட்டதைப் போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. இயந்திரச் சுறா கடலின் உப்பு நீரில் அடிக்கடி பழுதடைந்ததே இதற்குப் பெருங்காரணம். வேறு வழியின்றிச் சுறாவைக் காட்டாமலேயே பல காட்சிகளை எடுத்தார்கள். நீர்மட்டத்தில் நகரும் கேமரா, இழுபட்டுச் செல்லும் மஞ்சள் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களைக் கொண்டு எழுப்பிய இசை ஆகியவை சுறாவின் இடத்தை நிரப்பின. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்வையாளரின் மனமே பெரிதாக்கிக்கொண்டது.

1975 ஜூன் 20 அன்று, தொலைக்காட்சி விளம்பரங்களின் துணையோடு, ஒரே நாளில் 400க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் படம் வெளியானது. அதுவரை வந்த படங்களின் வசூலையெல்லாம் முந்தியது. படத்தொகுப்பு, இசை, ஒலி ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. கலைப்படைப்பு என்ற வகையில் அதன்மீது எனக்கு இன்றும் குறையாத மதிப்பு உண்டு.

ஆனால் அந்த அச்சம் திரையரங்கோடு நிற்கவில்லை. சுறாவைக் கொல்வது வீரம் என்னும் எண்ணம் பரவியது. உண்மையில், சீண்டப்படாமலே சுறா தாக்கி உலகம் முழுவதும் ஓராண்டில் இறப்போர் சராசரியாகப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். கதையை எழுதிய பெஞ்ச்லியே பின்னாளில் தம் நாவலின் விளைவை எண்ணி வருந்தி, 2006இல் மறையும் வரை கடலுயிர்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். ஸ்பீல்பெர்க்கும் 2022இல் அளித்த வானொலிப் பேட்டியில் தம் வருத்தத்தை வெளியிட்டார்.

ஒரு படம் விதைத்த அச்சத்தைப் பற்றிப் பேசும்போது, மற்றொரு படம் வளர்த்த பரிவையும் சொல்ல வேண்டும். உலகின் மிகப்பெரிய மீனான திமிங்கலச் சுறா, மனிதருக்குத் தீங்கிழைக்காத உயிர். குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் அது ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் பெருமளவில் வேட்டையாடப்பட்டது. மைக் பாண்டே எடுத்த 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்னும் ஆவணப்படம் அந்த வேட்டையை நாட்டின் கண்முன் நிறுத்தியது. 2001இல் திமிங்கலச் சுறாவுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. பின்னர் நடந்த விழிப்புணர்வு இயக்கத்தில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளோடு அந்த மீனை ஒப்பிட்டார். அதன் பிறகு, வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்கத் தம் விலையுயர்ந்த வலையையே அறுத்துவிட முன்வந்த மீனவர் பலர். வலைக்கு இழப்பீடு வழங்கவும் ஏற்பாடாயிற்று.

சுறா குற்றவாளி இல்லையெனில், படத்தில் அஞ்சத்தக்கது எது? பேத்தியின் கேள்விக்குத் திரும்புகிறேன்.

ஆமிட்டி என்னும் கற்பனைத் தீவு, கோடைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் பணத்தில் ஆண்டு முழுவதும் வாழ்வது. முதல் மரணம் நிகழ்ந்ததும் கடற்கரையை மூட முனைகிறார் காவல்துறைத் தலைவர் பிராடி. மேயர் தடுக்கிறார். மரணத்தின் காரணம் படகு விபத்து என்று மாற்றப்படுகிறது. கடற்கரை திறந்தே இருக்கிறது. ஒரு சிறுவன் இறக்கிறான். அச்சிறுவனின் தாய், முன்பே தெரிந்திருந்தும் சொல்லவில்லையே என்று பிராடியின் கன்னத்தில் அறைகிறாள். அவள் சொல்வது தவறு என்று மேயர் ஆறுதல் கூற, இல்லை, அவள் சொல்வது சரியே என்று பிராடி ஒப்புக்கொள்கிறார். அதன் பின்னும் ஜூலை 4 விடுமுறைக்குக் கடற்கரை திறக்கப்படுகிறது. மீண்டும் ஓர் உயிர் போகிறது. அப்போதுதான் நடுங்கிய குரலில் மேயர், தம் பிள்ளைகளும் அன்று அந்தக் கரையில் இருந்ததைச் சொல்கிறார்.

அந்தக் காட்சியில் என்னால் திரையை நோக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். ஆண்டு விழாவுக்கு ஐந்து நாட்கள் இருந்தபோது, நிலத்தடித் தொட்டி நீரில் கிருமிகள் உள்ளதாக ஆய்வறிக்கை வந்தது. அழைப்பிதழ்கள் கொடுத்தாகிவிட்டது, சமையற்காரருக்கு முன்பணமும் தந்தாகிவிட்டது. தொட்டியில் குளோரின் கலந்துவிட்டு, விழா முடிந்தபின் அறிவிக்கலாம் என்று நானே யோசனை கூறினேன். பொருளாளரும் இசைந்தார். மூன்றாம் நாள், முதல் மாடியில் வசித்த நான்கு வயதுக் குழந்தை வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. நான் பார்க்கச் சென்றபோது, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார் அதன் தாய். என்னிடம் விடை இருந்தது. சொல்லத் துணிவு வரவில்லை. குழந்தை தேறி வீடு திரும்பியது. பிறகு சங்கக் கூட்டத்தில் உண்மையைக் கூறிப் பொறுப்பிலிருந்து விலகினேன். அறிக்கை வந்த அன்றே ஒரு தாளில் எழுதி மின்தூக்கியின் அருகே ஒட்டியிருந்தால், செலவு ஒரு தாள்தான்.

மேயர் கொடியவர் அல்லர். ஊரின் வருமானத்தைக் காப்பதாகவே அவர் நம்பினார். நானும் விழாவைக் காப்பதாகவே நம்பினேன். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. நல்ல நோக்கம் இருப்பதாலேயே கெட்ட செய்தியைத் தள்ளிப்போடும் உரிமை நமக்கு உண்டென்று எண்ணிவிடுகிறோம்.

இவ்விதழின் வாசகர்களில் கடை நடத்துவோர் உண்டு. தொழில் நடத்துவோர் உண்டு. குடும்பக் கணக்கைப் பார்ப்போரும் உண்டு. பண்டிகை விற்பனை முடியட்டும், திருமணம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று ஏதேனும் ஒரு கணக்கையோ பழுதையோ கடனையோ நாம் மறைத்து வைத்திருக்கக்கூடும். அதைக் காலத்தே சொன்னால் ஒரு பருவத்தின் வருமானம் குறையலாம். மறைத்தால் நம்மை நம்பி நீரில் இறங்கியவர்கள் அதன் விலையைத் தருகிறார்கள்.

'ஜாஸ்' படத்தை இந்தக் கோடையில் குடும்பத்தோடு பாருங்கள். சற்று வளர்ந்த பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இம்முறை சுறா வரும் காட்சிகளைவிட, மேயர் பேசும் காட்சிகளைக் கூர்ந்து கவனியுங்கள்.