கிராம சபையில் எதிர்க்குரலுக்கும் மைக் கொடுங்கள்

1967 தேர்தலில் பெரியார் காங்கிரசுக்கு வாக்குக் கேட்டார். தி.மு.க.வைத் தோற்கடிக்க வேண்டும் என்று பேசினார். தி.மு.க. வென்றது. முதலமைச்சராகப் பொறுப்பேற்கும் முன்பே அண்ணா திருச்சிக்கு வந்து பெரியாரைச் சந்தித்தார். 1949-இல் பிரிந்து, 18 ஆண்டுகள் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் அவர்கள். அந்தச் சந்திப்புக்காக யாரும் தம் கொள்கையை விட்டுவிடவில்லை. அண்ணா தேர்தல் பாதையிலேயே நடந்தார். பெரியார் தேர்தலில் நிற்பதில்லை என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். ஆனாலும் அதே ஆண்டில், பெரியார் முன்னெடுத்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ராஜாஜி விஷயத்திலும் அப்படித்தான். அவர் முதலமைச்சராக 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சாடி ஊர் ஊராகப் போராடியவர் பெரியார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார்.

அந்தக் காலமே பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. அன்றைய மேடைகளிலும் வசைப்பேச்சுக்குப் பஞ்சமில்லை. தலைவர்களுக்குள் இருந்த மதிப்பு தொண்டர்களிடம் இறங்கி வராமல் போனதுதான் அன்றைய குறை. நம் குறையும் அதுதான்.

எதிர்க்கருத்துக்கு மதிப்புத் தருவது திருச்சி மாவட்டத்து உப்பிலியபுரம் வட்டாரத்துக்கு ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று உப்பிலியபுரம். 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது மறைந்தது. இன்று இந்தப் பகுதி துறையூர் தொகுதிக்குள் இருக்கிறது. இங்குள்ள பச்சைமலைப் பழங்குடி மக்களுக்குச் சென்னையில் இருந்த ஒரு தனி நாற்காலி போய்விட்டது. அதோடு, 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் மக்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்க எஞ்சும் இடம் கிராம சபை. உப்பிலியபுரம் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. ஆனால் சோபனபுரம், எரகுடி, ஒக்கரை போன்ற சுற்றுவட்டார ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை அது கூடியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பல கிராம சபைகள் எப்படி நடக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். கையெழுத்து சேர்ந்ததும் தீர்மானங்கள் வேகவேகமாக வாசிக்கப்படுகின்றன. யாராவது வரவு செலவு பற்றிக் கேட்டால், "நீ எந்தக் கட்சி?" என்று பதில் கேள்வி வருகிறது. கேட்டவர் கட்சிக்காரராக இருந்தால் எதிர்க்கட்சியின் தூண்டுதல் என்கிறார்கள். கட்சி சாராதவராக இருந்தால் விவரம் தெரியாதவர் என்கிறார்கள். இரண்டிலும் கேள்வி காணாமல் போகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாகரிகமாகப் பேச வேண்டும் என்ற அறிவுரை பெரும்பாலும் கீழே நிற்பவரைப் பார்த்தே சொல்லப்படுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்து, சாலைக்காகப் பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துச் சலித்த ஒரு பெண்ணின் குரல் உயரத்தான் செய்யும். அவரிடம் "மரியாதையாப் பேசும்மா" என்று அதட்டுவது நாகரிகம் ஆகாது. அவருடைய கோபத்துக்குள் இருக்கும் கோரிக்கையைக் கேட்டு எழுதிக்கொள்வதே நாகரிகம். அரசியல் விவாதத்தில் பண்பைக் காக்கும் கடமை முதலில் மைக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு. அதிகாரிக்கு, ஒன்றியச் செயலாளருக்கு, ஆளுங்கட்சிக் கிளைக்கு. அதற்கு அடுத்துத்தான் மற்றவர்களுக்கு.

அதே நேரம், கேள்வி கேட்க வருபவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுத்துப் பேசுபவர் எந்தக் கட்சியானாலும், அவரைத் தடுக்க வேண்டியவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள். எதிர்த் தரப்பு தடுத்தால் அது சண்டையாகும். தன் கட்சிக்காரரே கையைப் பிடித்து இழுத்தால் கூட்டம் தொடரும்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. வரவு செலவை முழுக்க வாசித்த பிறகே விவாதத்தைத் தொடங்கட்டும். கட்சிப் பொறுப்பாளர்கள் கடைசியில் பேசட்டும். மலைக் கிராமத்தவரும் பெண்களும் முதலில் பேசட்டும். முக்கியமாக, ஏற்கப்படாத மாற்றுக் கருத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். தன் சொல் எழுத்தில் ஏறும் என்று தெரிந்தவர் கத்த வேண்டிய அவசியம் குறையும். தான் எதிர்த்தது ஏட்டில் இருக்கிறது என்ற நம்பிக்கை அவரை அடுத்த கூட்டத்துக்கும் வரவழைக்கும்.

உப்பிலியபுரம் ஒன்றியத்தின் எல்லாக் கட்சிக் கிளைச் செயலாளர்களும் அடுத்த கிராம சபைக்கு முன் ஒரே இடத்தில் உட்கார்ந்து இந்த முறைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். தனி அலுவலர் அவற்றைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.