திடலில் ஒலிக்கும் மொழி

இராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ கல்லூரி மாணவியர்க்கான தேக்வாண்டோப் போட்டி நடைபெறும் ஓர் அரங்கை எண்ணிப் பார்க்க. மெத்தை விரிப்பின் நடுவில் எண்கோணம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். நீலக் காப்பணிந்த ஒருத்தியும் சிவப்புக் காப்பணிந்த ஒருத்தியும் எதிரெதிர் நிற்பர். ஒருத்தி பாம்பனில் வலையிழுக்கும் குடும்பத்தினளாக இருக்கலாம்; மற்றொருத்தி முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் கொல்லையில் வளர்ந்தவளாக இருக்கலாம். நடுவர் தமிழர்; சூழ்ந்திருப்போரும் தமிழர். ஆயினும் நடுவர் வாயினின்று எழும் முதற்சொல் 'சாரியொத்', அடுத்தது 'கியொங்னே'. நேராக நில், வணங்கு என்பன அவற்றின் பொருள்கள். 'சுன்பி' என்றதும் அணியமாகின்றனர். 'சிசாக்' என்றதும் பொருதுகின்றனர். 'கால்யொ' என்றதும் விலகுகின்றனர். 'குமான்' என்றதும் கை தாழ்த்துகின்றனர். இச்சொற்கள் நடுவரின் விருப்பத்தால் வந்தவை அல்ல. உலகத் தேக்வாண்டோ அமைப்பின் நெறிநூலிலேயே எழுதப்பட்டவை. 200-க்கும் மேற்பட்ட நாடுகளின் இளைஞர் இச்சொற்களுக்கே நிற்கின்றனர், இச்சொற்களுக்கே குனிகின்றனர்.

இதனைக் கண்டு கொரியர்மேற் காய்வதற்கு ஒன்றுமில்லை. கற்பதற்கோ மிகுதியும் உண்டு.

1910 முதல் 1945 வரை சப்பானியப் பேரரசின் காலடியிற் கிடந்த இனம் அது. பள்ளிகளினின்று கொரிய மொழி படிப்படியாக ஒதுக்கப்பட்டது. 1940-இல் குடிப்பெயர்களைச் சப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். 1942-இல், கொரிய மொழிக்கு அகரமுதலி தொகுத்துக்கொண்டிருந்த மொழிக் கழகத்தார் சிறை புகுந்தனர். அவருள் இருவர் சிறையிலேயே மாண்டனர். அகரமுதலி தொகுப்பாரைக் கண்டு ஒரு பேரரசு நடுங்கிற்று எனின், மொழியின் ஆற்றலை ஆளப்படுவோனினும் ஆள்வோனே நன்கு அறிந்திருந்தான் என்க.

விடுதலைக்குப் பின் சியோல் நகரில் அடிமுறை கற்பித்த ஆசான்களுட் பலர் சப்பானில் கராத்தே பயின்று மீண்டவர். தொடக்கத்தில் தங்கள் கலையைத் 'தங்சூதோ' என்றும் 'கோங்சூதோ' என்றும் வழங்கினர். கராத்தே என்பதை எழுதும் சீன எழுத்துகளையே கொரியர் ஒலிக்கும் முறை அது. ஆண்டவன் வைத்த பெயரை அடிமை தன் நாவால் ஒலித்ததே அன்றி வேறன்று. 1955-இல் படைத்தலைவர் சோய் ஒங் கி முன்னின்று 'தேக்வாண்டோ' என்னும் புதுப்பெயரைச் சூட்டினார். அப்பெயரின் மூன்று அசைகளும்கூடச் சீன வழியினவே. ஆயினும் பயிற்சியிற் புகுந்தால் எண்ணிக்கை 'அனா, துல், செத், நெத்' எனத் தூய கொரிய எண்களால் நடக்கின்றது. முன்னுதைக்கு 'அப் சாகி', தடுப்பிற்கு 'மாக்கி' என வினைகளுக்கெல்லாம் மண்ணின் சொற்களே நிற்கின்றன. பெயர்ப்பலகையிற் சற்று விட்டுக்கொடுத்தாலும் அடுக்களையில் விட்டுக்கொடுக்காத இனம்!

பின்னர் நடந்தது வெறும் உணர்ச்சியன்று, வேலை. 1963-இல் கொரிய நாட்டு விளையாட்டு விழாவில் அக்கலை முறையான போட்டியாக ஏறியது. 1972-இல் சியோலில் குக்கிவோன் என்னும் தலைமைப் பயிற்சி மன்றம் எழுந்தது. 1973 மே திங்களில் அங்கேயே முதல் உலகப் போட்டி நடந்தது. அதனையொட்டி உலகக் கூட்டமைப்பும் தோன்றியது. 1980-இல் ஒலிம்பிக் குழு அதனை ஏற்றது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிற் காட்சிப் போட்டி. 2000-இல் சிட்னியிற் பதக்கப் போட்டி. பெயர் சூட்டியதற்கும் சிட்னிக்கும் இடையே 45 ஆண்டுகளே. ஆசான்களுக்குள் பூசல் இல்லாமலில்லை. சோய் தாமே முரண்பட்டு 1972-இற் கனடாவிற் குடியேறினார். அவர் வழியினர் இன்றும் தனியமைப்பாக உள்ளனர். பூசலிட்டுக்கொண்டே வேலையையும் செய்தனர் என்பதுதான் தமிழர் கருத வேண்டுவது.

சியோல் ஒலிம்பிக் நிறைவுற்ற நாள் 1988 அக்டோபர் 2. பாம்பன் கடல்மேற் சாலைப்பாலம் திறக்கப்பட்டதும் அதே நாள். அதுவரை இராமேசுவரம் தீவினின்று கல்லூரிக்கு வர விரும்பிய மாணவன் தொடர்வண்டியையோ படகையோ நம்பியிருந்தான். அவன் கரைக்கு வரப் பாலம் கிடைத்தபொழுதே கொரியன் தன் கலைக்கு உலகப் பாலம் அமைத்து முடித்துவிட்டான்.

இங்கொன்று தெளிவுபடுத்தல் வேண்டும். தேக்வாண்டோ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று கொரியரிற் சிலர் பழங்கல்லறை ஓவியங்களைக் காட்டிச் சொல்லுவர். ஆராய்ந்தோர் அதனை எளிதில் ஒப்புவதில்லை. இங்கும் காஞ்சியினின்று சென்ற போதிதருமரே சீனத்துக்குப் போர்க்கலை தந்தார் என்று மேடைதோறும் முழங்கக் கேட்கலாம். அதற்குள்ள சான்றும் மெலிந்ததே. கொரியன் வென்றது கல்லறை ஓவியத்தால் அன்று. எடைப்பிரிவு வகுத்து, நடுவரைப் பயிற்றி, பட்டை நிறங்களை வரிசைப்படுத்தி, குத்துக்கு ஒரு புள்ளி, உடற்காப்பில் விழும் உதைக்கு இரண்டு, தலையில் விழுவதற்கு மூன்று என்று தாளில் எழுதி வைத்ததால் வென்றான். போதிதருமரைப் பற்றி மூன்று மணிநேரம் பேசுவோர் ஒரு போட்டிக்கு எடைப்பட்டியல் எழுதிக் கொடுப்பாரா?

படைக்கலம் பறிபோன வரலாறு கொரியர்க்கு மட்டும் உரியதன்று. 1795-இல் இராமநாதபுரத்துச் சேதுபதி முத்துராமலிங்கர் கும்பினியாரால் அரியணை நீக்கப்பட்டுச் சிறைப்பட்டார். 1809-இல் சென்னைக் கோட்டையிலேயே உயிர்நீத்தார். 1801 அக்டோபரில் மருது உடன்பிறந்தார் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு திசம்பரிலேயே தென்பாளையங்களிற் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்து ஆங்கிலேயர் அறிவிக்கை விடுத்தனர். வேலெறியவும் வளரி வீசவும் தனக்கு முதலிற் கற்றுத்தந்தவர் சின்ன மருதுவே என்று, அவரை எதிர்த்துப் போரிட்ட வெல்சு என்னும் படையதிகாரியே பின்னர் எழுதினான். கற்பித்தவனைத் தூக்கிலேற்றினர், கற்ற கலையைத் தம் நினைவுநூலில் ஏற்றினர். வளரி இன்று அருங்காட்சியகப் பொருள். கம்பு மட்டும் ஊர்த்திருவிழாக்களில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூங்கிற்கழியை எந்த அரசாலும் முற்றாகப் பறிக்க முடியவில்லை, அதுவும் கரணியமாகலாம்.

அக்கம்புக்கு இற்றை நாளில் வாய்த்துள்ள நிலை என்ன? 2022 சூன் திங்களில் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் பஞ்சாபியரின் கட்காவும், மலையாளியரின் களரிப்பயிற்றும், மணிப்பூரியரின் தாங்-தாவும் ஏறிவிட்டன. சிலம்பம் ஏறியது 2024 சனவரியில், அவ்விழா தமிழ்நாட்டுக்கே வந்தபொழுது. அதுவும் காட்சிப் போட்டியாக. அவ்விழாவின் அடையாள உருவமாக அமைந்தவர் வேலு நாச்சியார். இராமநாதபுரத்துச் சேதுபதி குடியிற் பிறந்தவர். நாச்சியாரின் உருவம் சுவர்தோறும் நின்றது. நாச்சியார் பயின்ற கம்பு காட்சிப்பொருளாய் நின்றது! அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டினர்க்குரிய நூற்றுக்கு மூன்று ஒதுக்கீட்டிற் சிலம்பம் சேர்ந்ததும் 2021-இல்தான். வந்தது நன்றே, காலங்கடந்து வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

கடற்கரைக் குடும்பங்கள் இதனை நன்கு உணரும். பிள்ளை எக்கலையைப் பயில வேண்டும் என்று தாய் முடிவு செய்யும்பொழுது அவள் கேட்பது கலையின் தொன்மையையன்று. சான்றிதழ் எங்கே செல்லும் என்பதை. கல்லூரிகளுக்கிடையே வென்றவன் பல்கலைக்கழக அணியில் ஏறுகிறான். பல்கலைக்கழக அணியினன் அனைத்திந்தியப் போட்டிக்குச் செல்கிறான். தேக்வாண்டோவுக்கு இப்படிக்கட்டு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கின்றது. ஆகலின் அத்தாயைக் குறை கூறுதல் தகாது. அவள் மகள் தேக்வாண்டோவில் வெல்லட்டும், நன்றாகவே வெல்லட்டும். குறை, சிலம்பத்துக்கு அதேயளவு உறுதியான படிக்கட்டைக் கட்டாமல் விட்ட தமிழரைச் சாரும். சிலம்பத்துக்குக் கழகங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தலைவர், செயலர், மாலை, மேடை உண்டு. ஒரு கழகத்தின் திடலிற் புள்ளியாவது மற்றொன்றின் திடலிற் புள்ளியாவதில்லை எனின், அவ்விடத்து ஆடும் மாணவன் யாரை நம்பி ஆடுவான்?

நெறிநூலைப் பிறர் எழுத விட்டால் விளைவது யாது என்பதற்குச் சடுகுடுவே சான்று. தமிழ்ச் சிற்றூர்தோறும் ஆடப்பட்ட ஆட்டம் அது. 1920-களில் மராட்டியப் பகுதியினர் அமர்ந்து அதற்கு நெறி வகுத்தனர். 1990-இற் பீக்கிங் ஆசிய விளையாட்டில் அது ஏறியபொழுது 'கபடி' என்னும் பெயரோடு ஏறிற்று. கைப்பிடி என்பதே கபடி எனத் திரிந்தது என்று ஆறுதல் கொள்வார் கொள்க. இன்று தமிழ்ச் சிறுவனே சடுகுடு என்றால் விழிக்கிறான்.

சிலம்பத்துக்கு இன்னும் அந்நிலை வரவில்லை. காலடி, வீச்சு, தட்டு, வாங்கல், வீடுகட்டல் என்று அதன் சொற்கள் உயிரோடு உள்ளன. தொடக்க வணக்கத்தைச் 'சலாவரிசை' என்பர்; சலாம் என்பது அரபுச்சொல். கீழக்கரைத் தமிழனுக்கு அது வேற்றுச்சொல்லாகத் தோன்றாது. ஆயினும் 'வணக்கவரிசை' என்றால் அவனும் மறுக்கமாட்டான். நடுவர் சொற்களும் அரியவை அல்ல: நில், வணங்கு, அணியம், தொடங்கு, விலகு, நிறுத்து. பஞ்சாபிக்கு இவை விளங்குமா என்று வினவுவோர் உளர். பாம்பன் பெண்ணுக்குச் 'சாரியொத்' விளங்கிற்றே! வாட்போரிற் பிரெஞ்சுச் சொல்லும் சூடோவிற் சப்பானியச் சொல்லும் உலகுக்கு விளங்குகின்றனவே!

அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இரு மாவட்டக் கல்லூரிகளும் அடங்கும். சேதுநாடும் சிவகங்கைச் சீமையும் அவையே. மருதும் நாச்சியாரும் கம்பேந்திய மண் முழுதும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது. காரைக்குடியில் அதற்கு உடற்கல்விக் கல்லூரியும் உண்டு. இவ்விரு மாவட்டத்து ஆசான்களையும் உடற்கல்வி ஆசிரியர்களையும் ஓரறையில் இரண்டு நாள் அமர்த்தினால் தொடுமுறைப் போட்டிக்கு நெறிநூல் ஒன்றைத் தமிழில் எழுதி முடிக்கலாம். தேக்வாண்டோப் போட்டி நடத்தத் தெரிந்தவரையும் அவ்வறைக்கு அழைக்க வேண்டும். எடை பார்ப்பது, இணை குறிப்பது, மருத்துவரை அமர்த்துவது, முறையீட்டைக் கேட்பது ஆகியவற்றில் அவர்க்குள்ள பழக்கம் சிலம்ப ஆசான்கள் பலர்க்கு இல்லை.

செலவும் பெரிதன்று. 2012 இலண்டன் ஒலிம்பிக் முதல் தேக்வாண்டோவில் மின்னணு உடற்காப்பு புகுந்தது. அதற்கேற்ற உணரிகள் பதித்த காலுறையும் வேண்டும். சிறு கல்லூரி தாங்காது. சிலம்பத்துக்கு வேண்டுவன ஆளுயரக் கழி இரண்டு, தலைக்காப்பு, மார்புக்காப்பு, கழிநுனியிற் பூச வண்ணப்பொடி, வட்டமிடச் சுண்ணாம்பு. எதிரியின் வெள்ளாடையிற் பொடி பட்ட இடத்தை நடுவரும் காண்பார். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் தாயும் காண்பாள்.