இல்லைங்கறதும் இன்னும் எடுக்கலைங்கறதும் ஒண்ணா?

டிஸ்கி: காமர்ஸ் படிக்கிறவனுக்கு டேட்டாபேஸில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு பதில் நடுவில் இருக்கிறது. பொறுமை ப்ளீஸ்.

கணினித் துறை நண்பர்கள் ரெண்டு பேர் இறுதியாண்டு ப்ராஜெக்டாக நெசவாளர் சங்கத்துக்கு ஒரு கூலிக் கணக்கு மென்பொருள் செய்கிறார்கள். (ஏனாத்தூரில் படித்துக்கொண்டு பட்டுச்சேலையை விட்டால் வேறு தலைப்பு ஏது?) கணக்கு சரிபார்க்க என்னை இழுத்துப் போட்டார்கள். தகவல் எல்லாம் நியோ4ஜே என்கிற கிராஃப் டேட்டாபேஸில் இருக்கிறது. நெசவாளர் ஒரு புள்ளி, தறி ஒரு புள்ளி, சேலை ஒரு புள்ளி. நடுவில் 'நெய்தார்', 'வாங்கினார்' என்று கோடுகள். கோலம் மாதிரிதான். கோர்வைச் சேலைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோர்க்க தறியில் ரெண்டு பேர் வேண்டும், அதனால் ஒரு சேலைக்கு ரெண்டு கோடு போட்டால் முடிந்தது.

ஒரு சேலையை ஜாவா ப்ரோக்ராமில் எடுத்தோம். விலை வந்தது. நெய்தவர்கள் பட்டியலில் ரெண்டு பேர் வந்தார்கள். பெயர் என்ன? நல். ஊர்? நல். (தமிழில் எழுதினால் பார்க்க நல்லாத்தான் இருக்கு. வெற்று என்று அர்த்தம், ஒரு நல்லதும் இல்லை.) கூலி விகிதத்தை 'இன்ட்' என்று அறிவித்திருந்ததால் அது மட்டும் பூஜ்யம் என்று வந்தது. கூலிச் சீட்டு அழகாக அச்சாயிற்று, மொத்தம் ரூபாய் 0. ஒரு எரர் இல்லை, ஒரு எச்சரிக்கை இல்லை.

டேட்டாபேஸைத் திறந்து நேராகக் கேட்டால் பெயர், ஊர், விகிதம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பிரச்சினை நடுவில் உட்கார்ந்திருக்கிற தரகரிடம். சீனியர்கள் விட்டுப்போன கோடு என்பதால் ஸ்பிரிங் டேட்டா நியோ4ஜேயின் பழைய 3-ஆம் பதிப்பு. அதன் வழக்கம் இது: நீங்கள் கேட்ட புள்ளியை முழுசாகக் கொடுக்கும். அதோடு தொடர்புள்ள புள்ளிகளுக்கு அடையாள எண்ணை மட்டும் நிரப்பி, மற்றதையெல்லாம் வெற்றாக விட்டுவிடும். வேண்டுமென்றால் அந்த இடத்தில் '@ஃபெட்ச்' என்று எழுத வேண்டும், அல்லது பிறகு 'ஃபெட்ச்' என்று கூப்பிட வேண்டும். இதற்கு லேஸி லோடிங் என்று பெயர். சோம்பேறித்தனத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, நானே அந்தக் கட்சி. என் புகார் பொய்யைப் பற்றி.

இப்போது காமர்ஸ். பதினொன்றாம் வகுப்பில் குறிப்பேட்டில் 'பே.ப.எண்' என்று ஒரு பத்தி போட்டோமே, ஞாபகம் இருக்கா? பேரேட்டுப் பக்க எண். குறிப்பேட்டில் பேரேட்டுக் கணக்கு முழுவதையும் யாரும் காப்பி அடிப்பதில்லை. 47 என்று எழுதினால், 47-ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார் என்று அர்த்தம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் பேரேட்டில் ஏற்றவில்லை என்று அர்த்தம். ரெண்டையும் எவனும் குழப்பிக்கொள்ள முடியாது. பேப்பர் காலத்து லேஸி லோடிங் இது, பொய் சொல்லவில்லை.

வரித் துறையைக்கூட எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு செய்த கடைக்காரருக்கு ஒரு மாதம் விற்பனையே இல்லை என்றாலும் நில் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் 3பி படிவத்துக்கு நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். 'ஒன்றும் இல்லை' என்று சொன்னவன் வேறு, ஒன்றுமே சொல்லாதவன் வேறு. இந்த வித்தியாசம் அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது, பொட்டி தட்டுகிற அண்ணாச்சிகளுக்குத் தெரியவில்லை.

'டாகுமெண்டேஷனில் தெளிவா எழுதியிருக்கே, படிக்காதது யார் தப்பு?' என்று ஒரு வாதம் வரும். எழுதியிருக்கிறது, வாஸ்தவம். ஆனால் புரோக்ராமில் ஒரு நல்லைப் பார்க்கிறவன், சங்கத்தில் பெயரே பதியவில்லையா, எடுக்கவில்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? இந்தக் கேள்விக்கு அந்தப் பொருளிடம் பதிலே இல்லை. ஹைபர்நேட்டைத் திட்டாத ஜாவாக்காரன் கிடையாது. ஆனாலும், செஷன் மூடிய பிறகு எடுக்காத தகவலைக் கேட்டால் அது 'லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன்' என்று கத்திவிட்டு நிற்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் யோக்கியமான எரிச்சல்.

இது மாணவர் ப்ராஜெக்ட் சமாச்சாரம் மட்டும் இல்லை. 2016-ல் வெளியான பனாமா பேப்பர்ஸ், 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள். எந்தக் கம்பெனிக்குப் பின்னால் யார் என்று கோடு பிடித்துப் போக ஐசிஐஜே பத்திரிகையாளர்கள் பயன்படுத்தியது இதே நியோ4ஜேதான். அந்த மாதிரி வேலையில் நடுத்தரகர் 'உரிமையாளர்: வெற்று' என்று காட்டினால் என்ன ஆகும்? உரிமையாளர் பதிவாகவில்லை என்பதே அங்கே பெரிய செய்தி. எடுக்கவில்லை என்பது வெறும் கோடு எழுதினவன் சமாச்சாரம்.

'அப்ப எல்லாத்தையும் சேர்த்து எடுத்துடு' என்பது அடுத்த ஞானம். நண்பர்களும் கோபத்தில் பார்த்த இடமெல்லாம் @ஃபெட்ச் ஒட்டினார்கள். ஒரு சங்கத்தில் 200 நெசவாளர், ஆளுக்கு 50 சேலை என்று வையுங்கள். ஒரு பெயரைக் கேட்டால் அவரிடமிருந்து சங்கம், சங்கத்திலிருந்து 200 பேர், அங்கிருந்து 10,000 சேலை. பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தரைக் கூப்பிட்டால் காஞ்சிபுரமே பஸ் ஏறி வந்த கதை. புள்ளிக்குப் புள்ளி கோடு இருப்பதுதானே கிராஃபின் பெருமை? எங்கே நிறுத்துவது என்று யாராவது சொல்லித்தான் ஆகணும்.

2015-ல் வந்த 4-ஆம் பதிப்பு @ஃபெட்சைத் தூக்கிவிட்டு 'ஆழம்' என்ற எண்ணைக் கொண்டுவந்தது. சும்மா விட்டால் ஆழம் 1, அதாவது பக்கத்து வீடு வரை. -1 கொடுத்தால் எல்லையே இல்லை. முன்னேற்றம்தான், ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் பழையபடி வெற்று. 2020-ல் வந்த 6-ஆம் பதிப்பு லேஸி லோடிங்கே வேண்டாம் என்று கையைக் கழுவியது. வகுப்பில் எழுதிவைத்த உறவுகள் வழியே எட்டுகிற எல்லாவற்றையும் எடுத்துவரும். அளவாக வேண்டுமென்றால் ப்ரொஜெக்‌ஷன் எழுத வேண்டும். அதிலும் ஒரு கண்ணி: நாமே குவெரி எழுதி, சேலையை மட்டும் எடுத்து நெய்தவர்களை விட்டுவிட்டு, விலையைத் திருத்தி அப்படியே சேவ் செய்தால், பட்டியல் காலி என்பதை 'உறவை அழித்துவிடு' என்று எடுத்துக்கொள்ளும். எடுக்காதது இல்லாததாகி, இல்லாதது அழிக்கப்பட்டதாகிவிடும். கூலி வாங்க வேண்டிய ரெண்டு பேரைச் சேலையோடு சேர்த்த கோடு போயே போச்சு.

உங்களுக்கும் இந்த நல் வந்தால், முதலில் நியோ4ஜேயின் சொந்தத் திரையில் அதே எண்ணைப் போட்டு 'மேட்ச்' குவெரி ஓட்டுங்கள். அங்கே தகவல் இருந்து, ஜாவா பொருளில் எண் மட்டும் இருந்தால் தரகர்தான் குற்றவாளி. பதிப்பு எண்ணைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கிற பாதி யோசனை வேறு பதிப்புக்கானது. கூலி, பாக்கி மாதிரிக் கட்டங்களுக்கு 'இன்ட்' போடாதீர்கள், 'இன்டிஜர்' போட்டால் பூஜ்யத்துக்கு பதில் நல்லாவது வரும்.

நண்பர்கள் கடைசியில் ஒட்டின @ஃபெட்சை எல்லாம் பிய்த்துவிட்டு, கூலிச் சீட்டுக்கென்று சேலை, நெய்தவர் பெயர், விகிதம் மூன்றை மட்டும் கேட்கிற ஒரு குவெரி எழுதினார்கள். விகிதம் வராவிட்டால் சீட்டு அச்சாகாது, 'விகிதம் எடுக்கப்படவில்லை' என்று சிவப்பில் வரும். சிவப்பு மை என் யோசனை, ஹி ஹி.