டைலுக்கு ஏற்ற பிளேடு



வீடு கட்டும் குடும்பங்கள் டைல் வாங்குவதற்குக் காட்டும் அக்கறை பெரிது. தாயும் மகளும் கடை கடையாக ஏறி இறங்கி நிறம் பார்ப்பார்கள். தந்தை விலை பேசுவார். ஆனால் வாங்கிய டைலை எதைக் கொண்டு வெட்டப்போகிறார்கள் என்று கேட்பவர் அரிது. "அது கொத்தனார் பாடு" என்று விட்டுவிடுகிறோம். பிறகு உளூச் செய்யும் இடத்தின் ஓரங்களில் பல்பல்லாய்ப் பெயர்ந்த டைலைப் பார்த்து ஆண்டுக்கணக்கில் வருந்துகிறோம். அழகு மட்டுமன்று, வெட்டும் மனிதரின் கையும் மூச்சும்கூட இந்தத் தேர்வில் அடங்கியுள்ளன. ஆகவே இம்மாதம் இதைப் பற்றி அறிந்துகொள்வோம்.

முதலில் டைலை அறியுங்கள்

டைல் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. சுவருக்கு ஒட்டப்படும் சாதாரண செராமிக் டைல் மென்மையானது. தன் எடையில் 10 சதவீதத்திற்கும் மேலாக நீரை உறிஞ்சும். தரைக்கு இடப்படும் விட்ரிஃபைடு டைல் மிக உயர்ந்த வெப்பத்தில் இறுகியது. அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்தைத் தாண்டாது. எது எது என்று ஐயம் எழுந்தால் டைலின் பின்புறத்தில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். உடனே குடித்துவிட்டால் அது மென்மையான வகை. நீர் அப்படியே நின்றால் விட்ரிஃபைடு. இவ்விரண்டிற்கும் அப்பால் கிரானைட், மார்பிள், கடப்பா, செட்டிநாட்டு ஆத்தங்குடி சிமெண்ட் கல் என ஒவ்வொன்றும் தனித் தன்மை உடையன.

கைக்கருவியே போதுமான இடங்கள்

நேர்கோட்டு வெட்டுக்கு மின்சாரமே தேவையில்லை. இரு தண்டவாளங்களின் மேல் நகரும் சிறு சக்கரத்தைக் கொண்ட கை கட்டர் போதும். அச்சக்கரம் டங்ஸ்டன் கார்பைடால் ஆனது. அது டைலை அறுப்பதில்லை; மேற்பூச்சில் ஒரு கீறல் மட்டுமே போடும். பிறகு நெம்புகோலை அழுத்தினால் கீறிய வழியே டைல் பிளந்துவிடும். தூசி இல்லை, ஓசை இல்லை, வெட்டும் சீராக அமையும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, கீறல் ஒரே முறைதான். மீண்டும் மீண்டும் கீறினால் பிளவு வழி மாறும். இரண்டு, தேய்ந்த சக்கரத்தை உடனே மாற்ற வேண்டும். மூன்று, கருவியின் நீளம். 600 மில்லிமீட்டர் சதுர டைலை மூலைக்கு மூலை வெட்ட வேண்டுமானால் அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 849 மில்லிமீட்டர் ஆகிவிடும். 600 மில்லிமீட்டர் கட்டர் அங்கே பயன்படாது.

எல் வடிவ வெட்டு, வளைவு, குழாய்த் துளை, விரலளவு மெல்லிய துண்டு ஆகியவற்றுக்குக் கை கட்டர் உதவாது. கிரானைட், மார்பிள் போன்ற கற்களுக்கும் உதவாது. அங்கே வைர பிளேடுதான் வழி.

வைர பிளேடு வேலை செய்யும் விதம்

"வைரமா! விலை என்னாகும்?" என்று மலைக்க வேண்டாம். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் செயற்கை வைரம் உருவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் பயனாகவே இன்று சிற்றூர் வன்பொருள் கடையிலும் வைர பிளேடு கிடைக்கிறது.

பிளேடின் விளிம்பில் உலோகப் பொடியை இறுக்கி, அதனுள் வைரத் துகள்களைப் பதித்திருப்பார்கள். வெட்ட வெட்ட உலோகம் சிறிது சிறிதாகத் தேயும். புதிய துகள்கள் வெளியே தலைநீட்டும். உலோகம் தேய்வதே பிளேடின் உயிர். இதில்தான் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. கடினமான விட்ரிஃபைடு டைலுக்கு மென்மையான உலோகப் பிணைப்புள்ள பிளேடு வேண்டும். செங்கல், சிமெண்ட் கல் போன்று உராய்ந்து தேய்க்கும் பொருளுக்குக் கடினமான பிணைப்பு வேண்டும். மாற்றிப் பயன்படுத்தினால் முன்னதில் பிளேடு மழுங்கும்; பின்னதில் விரைவில் கரைந்துபோகும். ஆகவே உறையில் எந்தப் பொருளுக்கு உரியது என எழுதியிருப்பதைப் படித்தே வாங்குங்கள்.

விளிம்பின் தோற்றமும் மூவகைப்படும். இடைவெளி விட்டுப் பற்கள் அமைந்தது வேகமாக வெட்டும், ஆனால் ஓரம் கரடாகும். கான்கிரீட்டுக்கும் செங்கல்லுக்கும் ஏற்றது. இடைவெளியே இல்லாத முழு விளிம்பு மெதுவாக வெட்டும், ஓரம் வழவழப்பாக அமையும். பளபளப்பான டைலுக்கு உரியது, நீர் அவசியம். அலையலையான டர்போ விளிம்பு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அதில் மெல்லிய வகை விட்ரிஃபைடு டைலுக்கு நன்றாகப் பயன்படுகிறது.

வெட்டு மந்தமாகி, தீப்பொறி பறந்து, பிளேடு கறுக்கத் தொடங்கினால் அது தீர்ந்துவிட்டது என எறிந்துவிடாதீர்கள். உலோகம் வைரத்தை மூடிக்கொண்டிருக்கலாம். ஒரு செங்கல்லிலோ சிமெண்ட் கல்லிலோ சில முறை வெட்டினால் துகள்கள் மீண்டும் வெளிப்படும். வீண்விரயம் தவிரும்.

எந்திரத்திற்கும் பிளேடுக்கும் பொருத்தம்

நம் பகுதிகளில் மார்பிள் கட்டர் எனப்படும் எந்திரத்திற்குப் பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் பிளேடும் 20 மில்லிமீட்டர் நடுத்துளையும் பொருந்தும். நான்கு அங்குல கிரைண்டருக்கு நடுத்துளை பெரும்பாலும் 16 மில்லிமீட்டர். துளை பொருந்தாத பிளேடைக் காகிதம் சுற்றிப் பொருத்துவது பேராபத்து. பிளேடில் அச்சிட்ட உச்சச் சுழற்சி வேகம் எந்திரத்தின் வேகத்தைவிடக் குறையக் கூடாது. அம்புக்குறி சுழலும் திசையை நோக்கியிருக்க வேண்டும். பெரிய பிளேடு போடுவதற்காகக் காப்பு மூடியைக் கழற்றுவதை எவர் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். இரும்பு வெட்டும் சக்கரத்தையோ மரம் அறுக்கும் பிளேடையோ டைலில் வைக்கவே கூடாது.

வளைகுடாவிலிருந்து அண்ணனோ மச்சானோ கொண்டுவந்த பழைய எந்திரமாயின் அதில் எழுதியுள்ள வோல்ட் அளவை முதலில் பாருங்கள். சவூதி இல்லங்களில் முன்பு 127 வோல்ட் மின்சாரம் வழங்கப்பட்டது. அதற்கென ஆன எந்திரத்தை நம் 230 வோல்ட்டில் இணைத்தால் எரிந்துவிடும்.

வெட்டும்போது கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, முதலில் மேலோட்டமாக ஒரு வரி வெட்டி, பிறகு ஆழமாக வெட்டினால் ஓரம் பெயர்வது குறையும். எல் வடிவ வெட்டின் உள்மூலையில் முன்கூட்டியே சிறு துளையிட்டால் விரிசல் ஓடாது. குழாய்த் துளைக்கு வட்ட வடிவ வைரத் துளைப்பான் வாங்குங்கள். துளையிடும் எந்திரத்தைச் சுத்தியல் முறையில் இயக்காதீர்கள்.

மூச்சைக் காப்பது யார்?

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர்ப்பகுதி. டைலிலும் கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த நிலையில் வெட்டும்போது எழும் புகைபோன்ற தூசியில், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களே நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல நுரையீரல் தழும்பேறி இறுகும். அதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997ஆம் ஆண்டு இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. சமையலறை மேடைக்கான செயற்கைக் கல்லை வெட்டிய இளைஞர்கள் பலர் இந்நோய்க்கு ஆளானதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அக்கல்லையே தடைசெய்தது.

முகத்தில் கைக்குட்டை கட்டுவது இத்தூசியைத் தடுக்காது. என்95 தரத்திலான முகமூடி வேண்டும். ஆனால் தாடி வைத்திருப்பவருக்கு அது முகத்தோடு இறுகப் படியாது. ஓரங்களின் வழியே தூசி நுழைந்துவிடும். எனவே நம்மவருக்கு முகமூடியைவிட முதன்மையான காவல் நீர்தான். பிளேடு மேல் நீர் விழும்படி அமைந்த எந்திரத்தைக் கொண்டு, திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று வெட்டச் சொல்லுங்கள். நீர் விடுவதற்கென அமையாத கிரைண்டரில் நீர் ஊற்றுவது மின்தாக்குதலுக்கு வழி. இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இருப்பதும் அவசியம். கண்ணாடியும் காதடைப்பும் மறவாதீர்கள். தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த கையுறை எதுவும் சுழலும் பிளேடின் அருகில் வரலாகாது. குழந்தைகளை அப்பால் அனுப்புங்கள். தரையில் படிந்த தூசியை உலர்ந்தபடி பெருக்காமல் நனைத்துத் துடையுங்கள்.

கூலி பேசும்போதே "நனைத்துத்தான் வெட்ட வேண்டும், அதற்கான நேரத்தையும் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அரைநாள் கூடுதலாகலாம். நம் வீட்டுத் தரை மின்னுவதற்காக இன்னொரு வீட்டின் தந்தை மூச்சுத் திணறக் கூடாது. அந்த அரைநாள் கூலி நமக்குப் பெரிய இழப்பாகாது.

அடுத்த இதழில்: டைல் இடுக்குகளுக்கு ஏற்ற பூச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி?