வெளிச்சம் ஊருக்கு, வெக்கை மட்டும் நமக்கா?



திருவள்ளூர் பாதையில் ரயிலேறி, கீரைக்கட்டும் காய்கறி மூட்டையுமாகப் பெரம்பூரில் இறங்குகிறவர்கள் நாம். 1856 முதல் ரயில் பட்டறை நடக்கிற ஊர் இது. அந்தக் காலத்து நீராவி இன்ஜினில் பத்துக் கூடை கரி போட்டால், ஒரு கூடைக் கரியின் சக்திகூட வண்டியை இழுக்கவில்லை. மீதியெல்லாம் சூடாகக் காற்றில் போனது.

இது இன்ஜினின் கோளாறு மட்டுமல்ல, இயற்கையின் விதி. சூட்டை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பங்குச் சூட்டை வெளியே தள்ளித்தான் ஆக வேண்டும். 1824-லேயே பிரான்ஸ் நாட்டு கார்னோ இதற்கு வழிகாட்டிவிட்டார். படித்தவன் சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்? கிணற்றடி டீசல் இன்ஜின் ஓடும்போது பக்கத்தில் நின்றால் தெரியாதா? நெல் அவிக்கும் அடுப்பில் உமி எரிகிற சூடு முழுவதும் அண்டாவுக்குள்ளேயா போகிறது?

இப்போது எண்ணூர்ப் பக்கம் பாருங்கள். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். 2024-ல் மேலும் 800 மெகாவாட் தொடங்கி வைத்தார்கள். பழைய வகை அனல் நிலையத்தில் நிலக்கரிச் சூட்டில் நூற்றுக்கு சுமார் 35 பங்குதான் மின்சாரம் ஆகிறது. மிச்சம் 65 பங்கு புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் வெளியே போகிறது. முதலில் சொன்ன 3,330 மெகாவாட்டும் முழுசா ஓடினால், ஏறக்குறைய 6,000 மெகாவாட் வீண் சூடு!

"விஞ்ஞான விதி அது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். ஐயா, சூடு வெளியேறும் என்பது இயற்கை விதி. அதை எங்கே கொட்டுவது என்பது மனிதன் எடுக்கிற முடிவு. வெந்நீர் முகத்துவாரத்தில் கலந்து மீனும் இறாலும் போச்சு என்று எண்ணூர் மீனவர்கள் பல வருஷமாகக் கதறுகிறார்கள். 1999 ஜூனுக்குப் பிறகு வந்த கடலோர அனல் நிலையங்கள், நீர்நிலையின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மத்திய அரசின் விதியே இருக்கிறது. தினமும் அளந்து மக்களுக்குக் காட்ட என்ன தயக்கம்?

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூமி முழுவதும் கொதிப்பதற்கு இந்த வீண் சூடு முக்கியக் காரணம் அல்ல. உலகமெங்கும் எந்திரங்கள் கக்கும் சூட்டைக் கூட்டினாலும், புகையால் தங்கும் சூட்டில் நூற்றில் ஒரு பங்கு சொச்சம்தான். ஈர நெல் அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினால், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே புழுங்குமே, அதுபோலத்தான் கரியமில வாயு பூமியைப் போர்த்துகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி எரியும்போது வந்த சூட்டைவிட அதன் புகை பிடித்து வைக்கும் சூடு, சுமார் ஒரு மாதத்திலேயே அதிகமாகிவிடுகிறது என்று 2015-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அடுப்பு அணைந்த பிறகும் அந்தப் புகை நூற்றாண்டுக் கணக்கில் வேலை செய்யும்!

பாதிப்பு யாருக்கு? பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் நூற்றுக்குப் பத்து குறைகிறது என்று 2004-ல் கண்டார்கள். ஏக்கருக்கு முப்பது மூட்டை எடுப்பவனுக்கு மூன்று மூட்டை நஷ்டம். கூலியும் உரமும் குறையுமா? காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும், அது பெருமழையாக இறங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வடசென்னையும் நம் வயலும் சேர்ந்தே மூழ்கியதை மறந்துவிட்டோமா?

"உங்க பம்ப்செட்டுக்கும் கரண்ட் வேணுமே?" என்பார்கள். வேண்டும்தான். நாராயணசாமி நாயுடு காலத்தில் துப்பாக்கிச் சூட்டில் ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை இலவச மின்சாரம். அதை விடமாட்டோம். நாம் கேட்பது, அந்த மின்சாரம் வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் வரட்டும் என்பதே. நெல் வயலிலிருந்து மீத்தேன் வருவதும் உண்மைதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிச்சமாகும். நம் பங்கை நாம் செய்வோம். பெரிய புகைபோக்கிக்காரர்கள் அவர்கள் பங்கைச் செய்யட்டும்!

நமது கோரிக்கைகள்:

1. அனல் நிலையங்கள் வெளியேற்றும் நீரின் வெப்பத்தைத் தினமும் அளந்து, தமிழில் பலகை வை!

2. எண்ணூர் வட்டாரத்தில் இனி புதிய நிலக்கரி அலகு வேண்டாம்!

3. இலவச மின்சாரத்தில் கைவைக்காமல், சிறு விவசாயிக்கு முழு மானியத்தில் சூரிய பம்ப்செட் கொடு!

4. வெப்பத்தால் விளைச்சல் குறைந்தாலும் பயிர் இழப்பீடு வழங்கு!

5. தொழில் இழந்த மீனவர்களுக்கு நஷ்டஈடு கொடு!

உழவனும் மீனவனும் ஆலைத் தொழிலாளியும் ஒரே வெக்கையில்தான் வேகிறோம். தனித்தனியாகப் புழுங்கியது போதும். ஒன்றாகத் திரள்வோம், வாரீர்!