ஏழு வெற்றியும் ஒரு வெண்கலமும்

நம் ஊர் விளையாட்டு ரசிகருக்கு இரண்டு பழமொழிகள் போதும். அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’. தோற்றால் ‘முதல் கோணல் முற்றும் கோணல்’. காட்டாங்கொளத்தூரில் கல்லூரி கூடைப்பந்து பார்த்துவிட்டு ரயிலேறும் மாணவன் இதைத்தான் சொல்கிறான். ஐபிஎல் தொடங்கிய நான்காம் நாளே புள்ளிப் பட்டியலை வைத்துக்கொண்டு டீக்கடையில் தீர்ப்பு எழுதும் பெரியவரும் இதைத்தான் சொல்கிறார். சீசனின் முதல் சில ஆட்டங்களில் அணியின் தரம் தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையைப் போல ஆதாரமில்லாமல் செழித்து வளர்ந்த நம்பிக்கை விளையாட்டு உலகில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

மறுப்பைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியே போதும். ரஷ்யாவில் நடக்கவேண்டிய 44வது செஸ் ஒலிம்பியாட் உக்ரைன் போரால் இடம் மாறி, 2022 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 9 வரை அங்கே நடந்தது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’யும் கட்டம் போட்ட நேப்பியர் பாலமும் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது இந்தியா ‘பி’ அணியின் ஸ்கோர். குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சாத்வானி, பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ். முதல் சுற்றில் ஐக்கிய அரபு அமீரகத்தை 4-0. இரண்டாவதில் எஸ்டோனியாவை 4-0. மூன்றாவதில் சுவிட்சர்லாந்தை 4-0. மூன்று நாளில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தங்கம் நமக்குத்தான் என்று ஊரே முடிவு கட்டியது.

அடுத்த மூன்று சுற்றுகளையும் சேர்த்துப் பாருங்கள். இத்தாலியுடன் 3-1. ஸ்பெயினுடன் 2.5-1.5. ஆர்மீனியாவுடன் 1.5-2.5, அதாவது தோல்வி. நான்கு, நான்கு, நான்கு, மூன்று, இரண்டரை, ஒன்றரை. இந்தப் பையன்கள் ஒரு வாரத்தில் செஸ்ஸை மறந்துவிடவில்லை. எதிரே உட்கார்ந்தவர்கள்தான் மாறினார்கள். ஒலிம்பியாட் நடப்பது ஸ்விஸ் முறையில். முதல் சுற்றில் எல்லா அணிகளையும் ரேட்டிங்படி வரிசையாக நிறுத்தி, பட்டியலை நடுவே வெட்டி, மேல்பாதியின் முதல் அணியைக் கீழ்ப்பாதியின் முதல் அணியோடு மோதவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் மோதுகிறார்கள். ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கனமாகிக்கொண்டே போவார். ஆகவே முதல் மூன்று சுற்றின் 4-0 என்பது நம் பலத்தைச் சொன்னதைவிட ஜோடி சேர்த்த முறையைத்தான் அதிகம் சொன்னது. அதைப் பார்த்துத் தங்கத்தை அறிவித்தவர்கள் அட்டவணையைப் பார்த்துக் கைதட்டினார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு குகேஷ். முதல் எட்டு ஆட்டத்தில் எட்டு வெற்றி. எட்டாவது சுற்றில் அமெரிக்காவின் கருவானாவை வீழ்த்தினார், போட்டித் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவை ‘பி’ அணி 3-1 என்று சாய்த்தது. பதினோரு சுற்றில் எட்டு முடிந்தால் அதற்குப் பெயர் தொடக்கம் அல்ல, முக்கால்வாசி. அப்போதும் முடிவு தெரியவில்லை. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றியின் வாசல்வரை போன ஆட்டத்தை குகேஷ் இழந்தார், அந்தப் போட்டி 2-2. தங்கம் வென்றது தரவரிசையில் 14வது இடத்திலிருந்த உஸ்பெகிஸ்தான். வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் இந்தியா ‘பி’க்கு. அமெரிக்காவுக்கு ஐந்தாம் இடம்.

மகளிர் பிரிவின் கதை இன்னும் கூர்மையானது. ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி அடங்கிய இந்தியாவின் முதல் அணி தொடர்ந்து ஏழு போட்டிகளை வென்றது. நிறைமாத வயிற்றோடு ஹரிகா ஆடினார். எட்டாவது சுற்றில் உக்ரைனுடன் சமன், ஒன்பதாவதில் போலந்திடம் தோல்வி, பத்தாவதில் மீண்டும் வெற்றி. கடைசிச் சுற்றுக்குப் போகும்போதும் நாம்தான் முன்னணி. அங்கே அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று வெண்கலத்தில் நின்றது அணி.

ஒலிம்பியாட் மகளிர் பிரிவில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம் அது. வரலாற்றில் முதல் பதக்கம் கழுத்தில் விழுந்த நாளில் துக்கம் விசாரிப்பது போலப் பேசினோம். முதல் வாரத்திலேயே தங்கத்தை எழுதி வைத்துவிட்டவர்களுக்கு வெண்கலம் நஷ்டமாகத்தான் தெரியும். அவசரத் தீர்ப்பால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். வராத பணத்துக்குக் கணக்கெழுதி, வந்த பணத்தைக் கடன் என்று நினைக்க வைக்கிறது அது.

இரண்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர், புடாபெஸ்ட். ஹரிகா, வைஷாலி, தானியாவோடு திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால். இந்த அணியும் முதல் ஏழு போட்டிகளையும் வென்றது. இந்த அணியும் போலந்திடம் தோற்றது, எட்டாவது சுற்றில். ஒன்பதாவதில் அமெரிக்காவுடன் 2-2. மாமல்லபுரத்தின் மறு ஒளிபரப்பு என்று பலர் தலையில் கைவைத்தார்கள். ஆனால் பத்தாவதில் சீனாவை வென்று, கடைசியில் அஸர்பைஜானை 3.5-0.5 என்று நொறுக்கித் தங்கத்தோடு வந்தார்கள். ஏழுக்கு ஏழு என்ற அச்சு அசலான அதே தொடக்கம் ஒரு முறை வெண்கலத்தில் முடிந்தது, ஒரு முறை தங்கத்தில் முடிந்தது. ஒரே விதையிலிருந்து இரண்டு விளைச்சல் என்றால் முளையைப் பார்த்து ஜோசியம் சொன்னவர் எதைப் பார்த்தார்?

எதிர்த்திசையிலும் சாட்சி உண்டு. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு ஆடி அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றார் குகேஷ். முதல் கோணல். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தை வென்று உலக சாம்பியன் ஆனார். 2022 கால்பந்து உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்ற அர்ஜென்டினாதான் கோப்பையைத் தூக்கியது. 2015 ஐபிஎல்லில் முதல் நான்கையும் தோற்ற மும்பை என்ன செய்தது என்று சென்னை ரசிகர்களிடம் கேட்கவேண்டாம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது நாம்தான்.

செஸ்ஸில் தொடங்கிக் கூடைப்பந்துக்கு வருவது தற்செயல் இல்லை. கல்லூரிக் கூடைப்பந்து கோடிக்கணக்கில் ரசிகர்களை வைத்திருக்கும் அமெரிக்காவில் சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகிறது. முதல் வாரங்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கு வரவழைத்து ஆடுகின்றன. சிறிய கல்லூரிக்கு விளையாட்டு நிதி, பெரிய கல்லூரிக்குச் சுலப வெற்றி. பூஞ்சேரியின் முதல் சுற்றில் ஸ்விஸ் முறை செய்ததை அங்கே காசு செய்கிறது. அந்த நவம்பர் வெற்றிகளை வைத்து மார்ச் மாதக் கனவு காண்பவர்கள் அங்கேயும் ஏராளம். 2022-23 சீசனைத் தரவரிசையில் முதலிடத்தோடு தொடங்கிய நார்த் கரோலினாவுக்கு, கடைசியில் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டியில் ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை.

கல்லூரி அணி என்பது வேறு எந்த அணியைவிடவும் தொடக்கத்தில் தன்னைக் காட்டாத அணி. காரணம் எளிது. மூன்று வருடமோ நான்கு வருடமோ ஆடியவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி முடித்த பையன்கள் வந்து சேர்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த பாயிண்ட் கார்டுக்கும் வேலூரிலிருந்து வந்த உயரமான பையனுக்கும் ஒருவர் ஓட்டம் இன்னொருவருக்குப் பழகவே மாதங்கள் ஆகும். யார் எந்த மூலையில் பந்து கேட்பான், யார் கேட்காமலே வெட்டி ஓடுவான் என்பது சேர்ந்து ஆடித்தான் தெரியும். இதற்குள் ஹாஸ்டல் சாப்பாடு, செமஸ்டர் தேர்வு வேறு. இந்த நிலையில் செப்டம்பரில் நடக்கும் ஏதோவொரு கோப்பையின் முதல் ஆட்டத்தைப் பார்த்து “இந்த வருஷம் டீம் வேஸ்ட்டுடா” என்கிறார்கள். கேட்பது முதலாண்டு மாணவன். பலகையில் பட்டுத் திரும்பிய அவனுடைய இரண்டு ஷாட் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ஆட்டத்தில் அவன் கைக்குப் பந்து வராது, வந்தாலும் எறியப் பயப்படுவான். தீர்ப்பு இப்படித்தான் தன்னைத்தானே நிறைவேற்றிக்கொள்கிறது. பிறகு “அன்னைக்கே சொன்னேன்ல” என்பவருக்குப் பெருமை வேறு.

மாமல்லபுரக் கடல் இந்த விஷயத்தில் ரசிகர்களைவிட நியாயமானது. 2025 ஆகஸ்டில் அங்கே ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்த விளையாட்டில் ஒருவர் எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டு அலைகளுக்குத்தான் மதிப்பெண். முதல் அலையில் குப்புற விழுந்தவரைக் கரையிலிருந்து யாரும் ஒதுக்கித் தள்ளுவதில்லை.

தொடக்கத்தில் எதுவுமே தெரியாது என்று நான் வாதிடவில்லை. பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும், ஆனால் அவர் ஸ்கோர்போர்டைப் பார்க்கமாட்டார். எதிராளியால் கெடுக்கவோ உதவவோ முடியாத காரியங்களைப் பார்ப்பார். ஃப்ரீ த்ரோ கோடு பலகையிலிருந்து 4.6 மீட்டர், அங்கே நிற்பவனை யாரும் தடுப்பதில்லை, எதிரே இருப்பது தேசிய சாம்பியனா தெருமுனை அணியா என்பது அந்த வளையத்துக்குத் தெரியாது. அதில் பத்துக்கு ஐந்து போடும் அணி முப்பது பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தாலும் கவலைப்படவேண்டிய அணி. பந்து பறிபோனதும் ஐந்து பேரும் திரும்பி ஓடுகிறார்களா, கடைசி ஐந்து நிமிடத்தில் கால் இழுக்கிறதா, தப்பு செய்தவனைத் தட்டிக்கொடுக்கிறார்களா முறைக்கிறார்களா. இவற்றைக் கவனித்துவிட்டு ஒருவர் கருத்து சொன்னால் நானும் உட்கார்ந்து கேட்பேன். குகேஷின் எட்டு வெற்றிகளும் வீண்போகவில்லை. முதல் பலகைக்கான தனிநபர் தங்கம் அவருக்குக் கிடைத்தது. புள்ளிகள் எப்போது எடுத்தாலும் புள்ளிகள்தான். அவற்றை ஜாதகமாக்குவதில்தான் என் சண்டை.

இந்த மூடநம்பிக்கை நம்மிடம் இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு ரசிகரை மட்டும் குற்றம் சொல்லமுடியாது. நம் கல்லூரிப் போட்டிகளில் பெரும்பாலானவை நாக்-அவுட். முதல் நாள் காலையில் தோற்றால் மதியமே பை தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். தோற்ற அணி நான்காவது ஆட்டத்தில் எப்படி ஆடியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பே பார்வையாளருக்கு இல்லை. முதல் ஆட்டமே கடைசி ஆட்டமாக இருக்கும் ஊரில் முதல் ஆட்டமே முழு உண்மையாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. மூன்று நான்கு நாளில் கோப்பை கொடுத்து முடித்துவிடும் அமைப்பாளர்கள் இந்த நம்பிக்கைக்குத் தினமும் உரம் போடுகிறார்கள்.

லீக் நடத்தச் செலவாகும் என்பது அவர்கள் எப்போதும் சொல்லும் பதில். எங்கே செலவு? தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரி, வண்டலூரில் கிரெசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்ஆர்எம், செங்கல்பட்டில் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி. எல்லாம் ஒரே மின்சார ரயில் பாதையை ஒட்டியவை. வண்டலூரிலிருந்து சற்றே கிழக்கே மேலக்கோட்டையூரில் உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது, நடுவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆகஸ்டிலிருந்து பிப்ரவரிவரை, தேர்வு மாதத்தைத் தவிர்த்து, சனிக்கிழமைதோறும் ஒரு ஆட்டம், ஒவ்வொரு அணியோடும் சொந்த மைதானத்தில் ஒன்று எதிரணி மைதானத்தில் ஒன்று. ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே பேருந்து பிடிக்கும் செலவுக்கு இது நடக்கும். ஆகஸ்டில் இருபது பாயிண்டில் தோற்ற அதே அணியிடம் ஜனவரியில் ஜெயிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும், டீம் வேஸ்ட்டா இல்லையா என்று.